மானிடவியல் பாடமும் கடன் புத்தகமும்



"கடையைக் கவனிக்காமல் இந்த வயதில் உமக்கு என்ன படிப்பு?" என்று நம் அன்பர்கள் பலர் என்னைக் கேட்டுவிட்டார்கள். கேட்டதில் தவறில்லை. நாற்பதைத் தாண்டிய ஒரு பலசரக்குக் கடைக்காரன், மதரஸாவில் ஓதியதும் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததுமே கல்வியாக உடையவன், ஒரு பல்கலைக் கழகத்தின் தொலைநிலைப் பாடத்தில் சேர்ந்து, அதிலும் 'பண்பாட்டு மானிடவியல்' என்று வாயில் எளிதில் நுழையாத ஒன்றைப் படிக்கிறான் என்றால் கேட்கத்தான் தோன்றும். கணக்கியல் படித்தால் ஐந்தொகை போட உதவும். இதனால் என்ன லாபம்? அதற்கு விடையாகவே இதை எழுதலானேன். லாபத்தோடு என் நஷ்டம் ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாடம் தொடக்க நிலையைச் சேர்ந்தது. சேருவதற்குத் தகுதி ஒன்றும் கேட்கவில்லை. வாரம் ஒரு பாடம், அதன் முடிவில் சில கேள்விகள், இடையிடையே எழுதி அனுப்ப வேண்டிய பயிற்சிகள். பாடம் இங்கிலீஷில் இருப்பதால், இஷாவுக்குப் பிறகு கடையடைத்து வீடு வந்ததும் என் மகள் வாசித்துப் பொருள் சொல்லுவாள். நான் தமிழில் விடை சொல்ல, அவள் இங்கிலீஷில் எழுதி அனுப்புவாள். தகப்பனுக்கு மகள் உஸ்தாதான கதை இது. சில இரவுகளில் நான் உறங்கிவிட்டதும் உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை.

மானிடவியல் என்பது மனிதனைப் பற்றிய படிப்பு. அதில் பண்பாட்டு மானிடவியல் என்ற பிரிவு, மனிதர்கள் கூடி வாழ்வதால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்ட அனைத்தையும் ஆராய்கிறது. எப்படி உண்கிறார்கள், யாரை மணக்கிறார்கள், யாருக்கு எழுந்து நிற்கிறார்கள், மௌத்து வீட்டில் என்ன செய்கிறார்கள், எதைக் கொடுக்கிறார்கள், எதைக் கொடுக்க மறுக்கிறார்கள் என்பதெல்லாம் இதில் அடங்கும். எட்வர்டு டைலர் என்ற இங்கிலாந்துக்காரர் 1871-இல் வெளியிட்ட நூலில், அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் ஆகிய யாவும் சேர்ந்ததே பண்பாடு என்று வகுத்துச் சொன்னார். இவருக்கு 800 ஆண்டுகளுக்கு முன்பே அல்-பீரூனி, சமஸ்கிருதம் பயின்று, இந்திய மக்களின் வழக்கங்களை அவர்களுடைய நூல்களிலிருந்தே அறிந்து எழுதியதை நான் என் பயிற்சித் தாளில் சேர்த்து அனுப்பினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

டைலர் காலத்து அறிஞர்களில் பலர் நாற்காலியில் இருந்தபடியே, பாதிரிமாரும் மாலுமிகளும் எழுதி அனுப்பியதைப் படித்து நூல் எழுதினார்கள். சரக்கைக் கண்ணால் பாராமல் கொள்முதல் செய்வதைப் போன்றது அது. இந்த வழக்கத்தை மாற்றியவர்களுள் முக்கியமானவர் மாலினோவ்ஸ்கி என்ற போலந்துக்காரர். 1884-இல் கிராகோவ் நகரில் பிறந்தவர். அந்நகர் அப்போது ஆஸ்திரியா அரசின் கீழ் இருந்தது. 1914-இல் அவர் ஆஸ்திரேலியா சென்றிருந்த சமயம் முதல் உலக யுத்தம் மூண்டது. ஆஸ்திரிய அரசின் குடிமகன் என்பதால் பிரிட்டிஷாருக்கு அவர் எதிரி நாட்டவர். எனினும் ஆராய்ச்சி செய்ய அனுமதி கிடைத்தது. நியூகினிக்குக் கிழக்கே, இன்று பாப்புவா நியூகினி நாட்டைச் சேர்ந்த திரோபிரியாந்துத் தீவுகளில், ஓமரகானா என்ற கிராமத்தின் நடுவில் கூடாரம் அடித்து, அம்மக்களின் பாஷையைக் கற்று, 1915-க்கும் 1918-க்கும் இடையில் இரு தடவையாகத் தங்கினார். 1922-இல் அவர் வெளியிட்ட நூல்தான் வியாபாரிகளாகிய நாம் அவசியம் அறிய வேண்டியது. ஏனெனில் அது கொடுக்கல் வாங்கலைப் பற்றியது.

அத்தீவுகளில் 'கூலா' என்றொரு வழக்கம் உண்டு. செந்நிறச் சிப்பி வட்டுகளைக் கோத்த நீண்ட மாலைகள் தீவுக்குத் தீவு கடிகார முள் சுற்றும் திசையில் செல்லும். வெண்சிப்பியால் ஆன கைவளைகள் அதற்கு எதிர்த்திசையில் வரும். மாலை கொடுத்தவனுக்கு வளை, வளை கொடுத்தவனுக்கு மாலை. இதற்காக ஆண்கள் தோணிகளில் ஏறி, அலையும் காற்றும் மிகுந்த கடலைக் கடந்து போகிறார்கள். கிடைத்த மாலையைத் தனக்கென்றே வைத்துக்கொள்ளலாமா என்றால் கூடாது. ஓராண்டோ சற்று அதிகமோ வைத்திருந்து பெருமைப்பட்டுவிட்டு அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். நம் பிள்ளைகள் பந்தாட்டத்தில் வெல்லும் சுழற்கோப்பையை எண்ணிப் பாருங்கள். மாலினோவ்ஸ்கியும் விளையாட்டுப் பரிசுக் கோப்பைகளையே உவமை சொன்னார்.

இத்தனை பாடுபட்டுச் சிப்பியைச் சுற்றவிடுவது பைத்தியக்காரத்தனம் அல்லவா என்று நானும் முதலில் நினைத்தேன். "அத்தா, அடுத்த பக்கத்தைக் கேளுங்கள்" என்றாள் மகள்.

அத்தீவு மக்களிடம் சாதாரண வியாபாரமும் உண்டு. அதற்குக் 'கிம்வாலி' என்று பெயர். அதில் பேரம் உண்டு, சரக்கில் குறை சொல்லுவதும் உண்டு. கூலாவுக்காகச் செல்லும் அதே தோணியில் வேறு சாமான்களும் போகின்றன. கரையிறங்கியதும் பண்டமாற்று நடக்கிறது. ஆனால் தன் கூலாக் கூட்டாளியிடம் மட்டும் ஒருவன் பேரம் பேச மாட்டான். அவ்வூரில் உள்ள மற்றவர்களிடமே பேசுவான். கூட்டாளி ஆயுட்கால உறவு. அந்நிய ஊரில் இறங்குகிறவனுக்கு அவன்தான் அடைக்கலம். வாங்கிய மாலைக்கு ஈடான வளையை உடனே கொடுத்துத் தீர்ப்பதில்லை. காலம் செல்லும். எது ஈடு என்பதைக் கொடுப்பவனே தீர்மானிக்கிறான். வாங்குபவன் வாய்விட்டு வாதாடலாகாது. கூலாவில் கையிறுக்கமும் அவசரமும் காட்டுகிறவனைப் பார்த்து, இவன் கூலாவைக் கிம்வாலி போலச் செய்கிறான் என்று இழித்துப் பேசுவார்களாம்.

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நம் கடைத் தெருவில் இந்த இரண்டும் கலந்தல்லவா நடக்கின்றன! மொத்த வியாபாரியிடம் மூட்டைக்கு ஐம்பது காசு குறைக்கச் சண்டை போடுகிறோம். அவர் வீட்டுக் கலியாணத்துக்கு முதல் ஆளாய் நிற்கிறோம். எது கூலா, எது கிம்வாலி என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டால் உடனே உறைக்கிறது.

மாலினோவ்ஸ்கியை நான் புகழ்ந்து கொண்டே போவதற்கில்லை. அவர் காலமானது 1942-இல். அவருடைய நாட்குறிப்பு 1967-இல் அச்சானபோது, தாம் கூடவே வாழ்ந்த மக்களைப் பற்றி எரிச்சலும் இழிவுமான சொற்களை அதில் எழுதி வைத்திருந்தது தெரிந்து பலர் திகைத்தார்கள். அன்றியும், ஆனெட் வைனர் என்ற அமெரிக்க அம்மையார் 1971 முதல் அதே தீவுகளில் தங்கி ஆராய்ந்து, மரணச் சடங்குகளில் பெண்கள் வாழையிலைக் கட்டுகளையும் பாவாடைகளையும் பெரும் செல்வமாகப் பங்கிடுவதைக் கண்டார். அதற்குரிய மதிப்பை மாலினோவ்ஸ்கி அளிக்கவில்லை. அவர் கண் பெரும்பாலும் ஆண்களின் தோணிகள் மேலேயே இருந்தது. அம்மையாரின் நூல் 1976-இல் வந்தது. எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் பார்ப்பவனுக்கு ஒரு மறைவுப் பக்கம் உண்டு என்று இதிலிருந்து அறிந்து கொண்டேன்.

நிற்க. மூன்றாம் மாதம் ஒரு பயிற்சி வந்தது. நமக்குப் பழக்கமான ஓரிடத்தில் ஒரு மணி நேரம் இருந்து, கண்டதை மட்டும் எழுத வேண்டும். கருத்துச் சொல்லக் கூடாது. இது எனக்குச் சர்க்கரைப் பொங்கல். என் கல்லாப் பெட்டியை விட எனக்குப் பழக்கமான இடம் எது? பையனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, அரிசி மூட்டைகளின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம் நிறைந்தது. தாள் திரும்பி வந்தபோது ஏழு இடங்களில் ஆசிரியர் கோடிட்டிருந்தார். 'கஞ்சத்தனமாகப் பேரம் பேசினார்' என்று நான் எழுதிய இடத்தில், கஞ்சத்தனத்தைக் கண்டீர்களா, அல்லது நீங்களே தீர்ப்புச் செய்தீர்களா என்று கேட்டிருந்தார். இருபது வருஷமாக மனிதர்களைப் பார்த்து எடை போடுகிறேன் என்று மார்தட்டிக் கொண்டிருந்தவனுக்கு இது நல்ல அடி.

திரும்ப உட்கார்ந்தேன். இம்முறை ஒரு வாரம், தினம் ஒரு மணி நேரம். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. காய்கறி வாங்குகிறவர்களுக்கு நாம் ஒரு பிடி கறிவேப்பிலையோ இரண்டு பச்சை மிளகாயோ கொசுறு போடுகிறோம் அல்லவா? ரொக்கம் கொடுக்கிறவர்கள் கொசுறை வாய்விட்டுக் கேட்கிறார்கள்; சிலர் தாங்களே கைவிட்டு எடுத்தும் கொள்கிறார்கள். கடனுக்கு வாங்குகிறவர்கள் கேட்பதேயில்லை. அந்த ஒரு வாரத்தில் ஒருவர் கூடக் கேட்கவில்லை. மற்ற ஆட்கள் போகும் வரை சோப்புக் கட்டிகளைப் புரட்டிப் பார்ப்பது போல் நின்றுவிட்டு, அதன் பிறகே 555 புத்தகத்தை நீட்டுகிறார்கள். இருபது வருஷமாக என் மூக்குக்கு முன்னால் நடப்பது, நான் கண்டதில்லை.

இதை எழுதி அனுப்பிய வாரத்தில் வந்த பாடம் மார்சல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞரைப் பற்றியது (1872 - 1950). அன்பளிப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1925-இல் வெளிவந்தது. மாலினோவ்ஸ்கியின் கூலாவையும், நியூசிலாந்து மவோரி மக்கள், வட அமெரிக்காவின் வடமேற்குக் கரை மக்கள் ஆகியோரின் வழக்கங்களையும் ஒன்றாக வைத்து அவர் ஒரு கேள்வி கேட்டார்: இனாம் என்று கொடுக்கப்படுவது உண்மையில் இனாம்தானா? அவர் கண்ட விடை, அன்பளிப்பில் மூன்று கடமைகள் உள்ளன என்பது. கொடுக்க வேண்டியது ஒரு கடமை. கொடுத்ததை ஏற்க வேண்டியது இன்னொன்று, மறுத்தால் பகை. ஏற்றதைத் திருப்ப வேண்டியது மூன்றாவது. திருப்ப முடியாதவன் கொடுத்தவனுக்குக் கீழே போய்விடுகிறான். வடமேற்குக் கரையில் 'பொட்லாச்' என்ற விருந்தில் தலைவர்கள் குவியல் குவியலாகப் பொருளை வாரி வழங்கி, எதிரியை இவ்வாறே தாழ்த்துவார்கள். கனடா அரசாங்கம் அதை வெறும் வீண்செலவு என்று கருதி 1885 முதல் 1951 வரை தடை செய்தே வைத்திருந்தது.

எங்கள் உம்மாவிடம் மோஸைப் பற்றிச் சொன்னேன். "இதற்கு ஒரு பிரெஞ்சுக்காரர் வேண்டுமா?" என்றார்கள். அடுத்த வீட்டார் பலகாரம் அனுப்பிய தட்டை எங்கள் வீட்டில் வெறுமையாகத் திருப்பியதே கிடையாது. ஒன்றும் இல்லாத நாளில் ஒரு கைப்பிடி சீனியாவது வைத்துத்தான் அனுப்புவார்கள். உடனே திருப்பினாலும் குற்றம். கணக்குத் தீர்ப்பது போல் ஆகிவிடுமாம். இரண்டு நாள் தட்டு நம் வீட்டில் இருக்க வேண்டுமாம்.

சகோதரர்களே, என் நஷ்டத்தை இனி மறைக்க முடியாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்து மலாய்க்காரத் தச்சர் ஒருவர் என் கடையில் பற்று வைத்திருந்தார். என்னை விட மூத்தவர். பாக் சிக் என்றே அழைப்பேன். கையில் அடிபட்டுச் சில மாதம் வேலைக்குப் போகவில்லை. பாக்கி 340 வெள்ளி வரை ஏறிவிட்டது. ஒரு நாள் மாலை, கடையில் ஐந்தாறு பேர் நிற்கும் போது, கொஞ்சம் அரிசிக்கும் எண்ணெய்க்கும் அவர் புத்தகத்தை நீட்டினார். எனக்கு அன்று மனம் இளகியிருந்தது. புத்தகத்தை வாங்கி, பக்கம் முழுவதையும் குறுக்கே கோடிட்டு அடித்து, "போகட்டும் பாக் சிக், இனி உங்களுக்குக் கடனே கிடையாது" என்று உரக்கச் சொன்னேன். நின்றவர்கள் தலையை ஆட்டி மெச்சினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அரிசியையும் எண்ணெயையும் பலகையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு கடைப் பக்கம் வரவேயில்லை. எதிரே கண்டால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போவார். நானோ, 340 வெள்ளியை விட்டுக்கொடுத்தும் நன்றி இல்லை என்று போகிற இடமெல்லாம் சொல்லி வந்தேன். உங்களிலும் சிலர் அதைக் கேட்டிருக்கிறீர்கள்.

மோஸின் பாடத்தை மகள் வாசித்து முடித்த போது நான் செய்தது இன்னதென்று விளங்கியது. அவர் திருப்ப முடியாத ஒன்றை ஐந்து பேர் முன்னால் அவர் தலையில் வைத்தேன். இதற்குப் பல்கலைக் கழகம் வரை போயிருக்க வேண்டியதில்லை. கஷ்டப்படும் கடன்காரருக்கு அவகாசம் கொடுப்பதும், விட்டுக் கொடுப்பதும் சிறந்தது என்பதைச் சூரத்துல் பகராவில் ஓதியிருக்கிறேன். அதே சூராவில் சற்று முன்பாகவே, தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் பாழாக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. அதையும் ஓதினேன். ஒன்று நினைவில் நின்றது, மற்றொன்று நிற்கவில்லை.

இத்தகைய தவறு செய்தவன் நான் மட்டும் அல்லன் என்று ஆறுதல் தந்தது இன்னொரு பாடம். ரிச்சர்ட் லீ என்ற ஆராய்ச்சியாளர் ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலையில், குங் என்று அழைக்கப்பெற்ற வேட்டையாடி மக்களிடையே பல காலம் தங்கியவர். அவர்கள் காட்டில் அலைந்து உணவு தேட, இவர் தம் டப்பா உணவைத் தனியே வைத்து உண்டு வந்தார். அதற்குப் பிராயச்சித்தமாகக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு 1,200 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 540 கிலோ எடையுள்ள கொழுத்த கறுப்பு எருது ஒன்றை வாங்கினார். அதைப் பார்த்த ஒவ்வொருவரும் வெறும் எலும்பு மூட்டை, இதை வைத்து எப்படி விருந்து நடத்துவது என்று ஏளனம் செய்தார்கள். லீ மனம் நொந்து போனார். அறுத்துப் பார்த்தால் கொழுப்பு வழிகிறது! இரண்டு நாள் இரவும் பகலும் எல்லோரும் வயிறார உண்டார்கள். பின்னர் ஒருவர் விளக்கம் சொன்னார்: பெரிய வேட்டை கொண்டு வருகிறவனை யாரும் புகழ்வதில்லை, புகழ்ந்தால் தன்னைத் தலைவன் என்றும் மற்றவர்களைத் தனக்கு ஊழியர் என்றும் நினைக்கத் தொடங்குவான், ஆகவே அவன் இறைச்சியைப் பழித்து அவன் நெஞ்சின் சூட்டைத் தணிக்கிறோம். லீ இதை 1969-இல் எழுதினார். என் கடையில் நின்ற ஐந்தாறு பேரும் அன்று மெச்சாமல் பழித்திருந்தால் எனக்கு எவ்வளவு நன்மையாய் இருந்திருக்கும்!

கடனைப் பற்றி நமக்கு அருகிலேயே ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. கிளிபோர்டு கீர்ட்ஸ் என்ற அமெரிக்கர் 1950-களின் தொடக்கத்தில் கிழக்கு ஜாவாவின் பாரே என்ற ஊரில் தங்கினார். நூலில் ஊருக்கு வேறு பெயர் கொடுத்தார். சந்தை வியாபாரிகளை, அவர்களில் மார்க்கப் பற்றுள்ள முஸ்லிம்கள் பலர், கவனித்து 1963-இல் அவர் வெளியிட்ட நூலில், கடன் பாக்கியை முதல் திரட்டும் வழியாக மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும் என்கிறார். வியாபாரிக்கும் வியாபாரிக்கும் இடையே உறவை நிலைநிறுத்துவதும் அந்தப் பாக்கியே. இதை நாம் சொல்லாமலே செய்கிறோம். நல்ல வாடிக்கையாளர் கணக்கை ஒரேயடியாகத் தீர்த்தால் நமக்கு உள்ளூரக் கலக்கம் பிறப்பதில்லையா? 'ஏன், வேறு கடைக்குப் போகப் போகிறாரா?' என்றுதானே கேட்கிறோம்? நான் பாக் சிக்கின் கணக்கை அடித்த கோடு, அவர் என் கடைக்கு வரும் வழியையும் சேர்த்து அடித்துவிட்டது.

இந்தப் படிப்பைப் பற்றி ஒரு சந்தேகம் சிலருக்கு எழலாம்; என்னிடம் ஓர் ஆலிம் சாகிபே கேட்டார். எல்லா வழக்கமும் சரியே என்று சொல்லும் படிப்பா இது என்று. அப்படியன்று. ஒரு வழக்கத்தை அதை உடையவர்களின் கண்ணால் பார்த்துப் பொருள் அறிந்த பிறகே எடை போடு என்கிறது. அறிவது வேறு, ஒப்புவது வேறு. எடை போடாமலே விலை சொல்லுவதைத்தான் அது தடுக்கிறது.

சென்ற மாதம் பாக் சிக் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போனேன். பழக்கூடை வாங்கிப் போகலாம் என்று முதலில் நினைத்தது உண்மை, மகள்தான் "மறுபடியுமா அத்தா?" என்றாள். வாசலிலேயே நின்று, கடையில் அரிசித் தட்டு வளைந்துவிட்டது, நீங்கள் போட்ட பலகை, வேறு ஆளை விட்டுக் கைவைக்க மனமில்லை என்றேன். அது பொய்யல்ல, உண்மையாகவே வளைந்திருந்தது. அவர் உள்ளே வரச் சொல்லவில்லை. திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்.

வந்தார். அளந்தார். பலகைக்கும் கூலிக்குமாக 420 வெள்ளி என்றார். சரி என்று சொல்ல வாய் எடுத்தேன், சட்டென்று நிறுத்திக்கொண்டேன். பேரம் பேசாமல் கொடுத்தால் அதுவும் தர்மமாகிவிடும். "380-க்கு முடியாதா பாக் சிக்?" என்றேன். இப்போதைய பலகை விலையை எனக்கு உரக்க எடுத்துச் சொல்லி, என்னைப் பெரிய கஞ்சன் என்றும் சொன்னார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். 400-க்கு முடிந்தது.

இரண்டு நாளில் வேலையை முடித்துவிட்டுக் கல்லாவுக்கு வந்தார். நான் பணத்தை எண்ணத் தொடங்கும் முன் சட்டைப் பையிலிருந்து பழைய 555 புத்தகத்தை எடுத்தார். மூலைகள் மடங்கியிருந்தன. நான் கோடிட்ட அதே பக்கம். காதில் செருகியிருந்த பென்சிலால், அந்தக் கோட்டுக்குக் கீழே 400 என்று எழுதி, அதில் 340-ஐக் கழித்து, 60 என்று போட்டு, என் பக்கம் திருப்பினார்.

"60 வெள்ளி நீங்கள் தர வேண்டும் தவ்கே," என்றார். "அதில் அரைக் கிலோ காப்பித் தூளும் ஒரு போத்தல் எண்ணெயும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்."

நான் நிறுத்துக் கொண்டிருக்கும் போதே கறிவேப்பிலைக் கூடையில் கைவிட்டு ஒரு கொத்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.